டிராகன் நாட்டுத் துப்பாக்கிச் சட்டம்

உலக வரலாற்றிலேயே ஆயுதக் கட்டுப்பாட்டை முழு வெற்றியோடு நிறைவேற்றிய நாடு ஒன்றே ஒன்றுதான். அது என் மைத்துனரின் பல் மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில், ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் இயங்குகிறது. மற்ற நாட்களில் அங்கே கன்னம் வீங்கியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

விளையாட்டு இதுதான். ஆளுக்கொரு வேஷம். பல் டாக்டர் கதையை நடத்துவார். நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்டுவோம். ஆடிட்டர் மந்திரவாதி. லிஃப்ட் மெக்கானிக் மாவீரன். காப்பீட்டு அலுவலகத்தில், இழப்பீடு கேட்டு வரும் மனுக்களை நிராகரிக்கும் பிரிவில் பணிபுரியும் நான், திருடன். இந்த வேஷப் பொருத்தத்தைப் பற்றி என் மனைவி சொன்னதை இங்கே எழுதத் தேவையில்லை. மேஜைமேல் எங்களுக்குப் பதிலாக மாத்திரை பாட்டில் மூடிகள் நிற்கும். டிராகனுக்குப் பதிலாக, யாரோ ஒரு புண்ணியவானுடைய முழுத் தாடையின் பிளாஸ்டர் அச்சு.

என் மனைவி, அதாவது டாக்டரின் தங்கை, எங்கள் படையின் மருத்துவச்சி. அவளுக்கு ஒரு பஞ்சு உருண்டை. சண்டை என்றதும் மூன்று மூடிகளும் முன்னால் பாயும். பஞ்சு பின்னால் உட்கார்ந்து மூட்டைகளைப் பார்த்துக்கொள்ளும். அடிபட்டு வந்தால் கட்டுப் போடும். இந்த உயர்ந்த பொறுப்பை இரண்டு வருஷமாக அவளிடமே விட்டுவைத்திருந்தோம். அவளைக் கேட்டதில்லை. கேட்டால் அவளுடைய அடக்கத்துக்குச் சங்கடமாக இருக்குமே!

அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிறு, "எனக்கு ஒரு துப்பாக்கி வேணும்" என்றாள்.

ஆடிட்டர் கையிலிருந்த பகடை சோபாவுக்கு அடியில் ஓடிவிட்டது.

"எதுக்கு தங்கச்சி?" என்றார் அவர்.

"எதுக்கா? ரெண்டு வருஷமா உங்க மூட்டையைக் கட்டிக்கிட்டு அழறேன். ஒரே ஒரு தடவை நானும் எதையாவது அடிக்கணும். வாள் தூக்க பலம் இல்லன்னீங்க. மந்திரம் படிக்க அறிவு இல்லன்னீங்க. துப்பாக்கிக்கு ஒரு விரல் போதும். கொடுக்க மாட்டீங்கன்னா அடுத்த வாரத்துலேருந்து நான் வரல."

அவள் வராவிட்டால் கட்டுப் போட ஆளில்லை. நாட்டின் பாதுகாப்பே கேள்விக்குறியானது. உடனே ஓர் "உயர்மட்டக் குழு" அமைக்கப்பட்டு, எக்ஸ்ரே அறையில் கூடியது. உறுப்பினர்கள் ஆடிட்டர், மெக்கானிக், நான். மனுதாரருக்கு, நடுநிலை கருதி, இடமில்லை.

"எனக்குத் துப்பாக்கி மேல கோபமே கிடையாது" என்று ஆரம்பித்தார் ஆடிட்டர். "நம்புற மாதிரி இருக்கணும், அவ்வளவுதான். என் விரல்லேருந்து நெருப்பு வருதுன்னா அது இயற்கை. இரும்புக் குழாய்லேருந்து வருதுன்னா எவன் நம்புவான்?"

"போன வாரம் உங்க குதிரை பறந்துச்சே?" என்றாள் மனைவி, கதவுக்கு வெளியிலிருந்து.

"அதுக்கு ரெக்கை இருக்கு தங்கச்சி. காரணம் இல்லாம நாங்க எதையும் பண்றதில்ல."

மெக்கானிக் வேறு கோணத்தில் கண் கலங்கினார். "பாறை கனம் கனக்குற வாளைச் சுத்தப் பழகினவன் நான். இவங்க தூர நின்னு டப்புன்னு சுட்டுட்டா என் உடம்பு எதுக்கு?" அவருக்கு நிஜத்தில் முதுகுவலி, விழுந்த பகடையைக்கூட என்னைத்தான் பொறுக்கச் சொல்வார். இருந்தாலும் கேட்க உருக்கமாக இருந்தது.

நான் என் அலுவலக அனுபவத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தேன். எங்கள் பிரிவில் யாரிடமும் "முடியாது" என்று சொல்வதில்லை. "நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்போம். பலன் ஒன்றுதான்.

ஆக, துப்பாக்கி அனுமதிக்கப்பட்டது. குண்டு ஒன்றே ஒன்று. வெடிமருந்து நனைந்தால் வெடிக்காது. மருந்தைக் குழாயில் போட்டுக் கெட்டிக்க ஆட்டத்தில் ஐந்து சுற்று ஆகும். ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்தி வேறு வேலை பார்க்கக்கூடாது. பார்த்தால் துப்பாக்கி பறிமுதல். மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அன்றைக்கே எங்கள் நாட்டில் மழைக்காலம் தொடங்கியது. பாலைவனத்தில்கூட விடாமல் பெய்தது.

கடைசியில் டிராகனின் குகைக்கு வந்து சேர்ந்தோம்.

"உள்ளேயும் மழை" என்றார் டாக்டர்.

"குகைக்குள்ள மழையா அண்ணே?" என்றாள் மனைவி.

"ஒழுகுது."

"சரி. மூட்டையில ஆடிட்டர் சாரோட நனையாத போர்வை இருக்கு. அதைப் போத்திக்கிட்டு கெட்டிக்க ஆரம்பிக்கிறேன்."

"அப்படி ஒண்ணு என்கிட்ட இருக்கா?" என்றார் ஆடிட்டர்.

"முதல் மாசம் வாங்கினீங்க. தினமும் மடிச்சு வைக்கிறவளுக்குத் தெரியாதா?"

டிராகன் ஒரே மூச்சில் மூன்று மூடிகளையும் சாய்த்தது. குற்றுயிரும் குலையுயிருமாகக் கிடந்தோம்.

"தங்கச்சி, கட்டுப் போடும்மா!" என்றார் ஆடிட்டர்.

"கெட்டிச்சுக்கிட்டிருக்கேன் சார். பாதியில நிறுத்தக்கூடாதே."

மெக்கானிக் செத்தார். ஆடிட்டர், விதிகளில் விலக்கு உண்டா என்று கேட்டுக்கொண்டே செத்தார்.

"ஏய், நான் உன் புருஷன்!" என்றேன்.

"இங்க நீங்க திருடன்தானே? அடுத்த சுற்று."

நானும் செத்தேன். ஐந்தாம் சுற்றில் அவள் "சுடறேன்" என்று பகடையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக் குலுக்கி உருட்டினாள். விழுந்த எண்ணைவிடப் பெரியது அந்தப் பகடையில் கிடையாது. டாக்டர் பிளாஸ்டர் தாடையையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "செத்துடுச்சு" என்றார், சொந்தக்காரர் போனது போல. அவள் நாற்காலியிலிருந்து குதித்துக் கைதட்டிச் சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அந்த அறையில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொறுப்புணர்ச்சியோடு அதை அடக்கிக்கொண்டேன்.

உடனே அவசரக் கூட்டம். தீர்மானம்: துப்பாக்கி யதார்த்தத்துக்குப் பொருந்தாது; ஆகவே அதற்குத் தடை; அதனால் செத்த டிராகன் சாகவில்லை. டாக்டர் நடுநிலை வகித்தார். ஆதரவு மூன்று, எதிர்ப்பு ஒன்று.

"கொஞ்சம் இருங்க" என்றாள் மனைவி. "நீங்க மூணு பேரும் செத்துட்டீங்களே. செத்தவங்க எப்படி ஓட்டுப் போடுவீங்க?"

தீர்மானம் நிறைவேறியதாக ஆடிட்டர் எழுதிக்கொண்டார். அவள் பஞ்சு உருண்டையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது கட்டுப் போட ஆளில்லாமல் வாராவாரம் சாகிறோம். வாராவாரம் எழுந்து வந்து தடையை நீட்டித்து ஓட்டுப் போடுகிறோம். பறக்கும் குதிரை, விரல்நுனி நெருப்பு, குகைக்குள் மழை எல்லாம் எங்கள் கற்பனை. செத்தவர்கள் ஓட்டில் சட்டம் நிறைவேறுவதை மட்டும், யதார்த்தம் கெட்டுவிடக்கூடாதே என்று, நிஜ நாட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டோம்.