நான்கு பிளேட் பாயாவும் ஒரு காக்கையும்

எனக்கு டைம்டேபிள் பைத்தியம். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குப் போடுவது போதாதென்று வீட்டில் மாவு அரைப்பதற்கும் போடுவேன். அந்தப் பைத்தியம் முற்றிப்போன ஒரு நாளில்தான் என் மாமனாரைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போய்ப் பட்டினி போட்டேன்.

நான் ஆவூர்க்காரி. ஞாயிறு பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கக் குடும்பம். காதலித்துக் கட்டிக்கொண்டது இலுப்பூரில் ஒரு விவசாயி மகனை. குடித்தனம் திருச்சியில், இலுப்பூருக்கு எப்போதாவது ஒரு ஞாயிறு போய் வருவோம். மாமா கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், ஆனால் அதற்குப் பின் எட்டு மாதமாக என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எதிரிலேயே நின்றாலும் மகனிடம்தான், "அந்தப் புள்ளயக் காப்பி குடிக்கச் சொல்லு" என்பார். (நாலு திட்டு திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.)

எப்படியாவது அவரை என்னோடு பேச வைத்துவிட வேண்டும் என்றுதான் அந்தக் கொடைக்கானல் பயணத்தையே போட்டேன். மூன்று வாரம் செல்போனும் கையுமாக இருந்து, பார்க்க வேண்டிய பத்து இடங்கள், சாப்பிட வேண்டிய ஏழு கடைகள் என்று நோட்டில் எழுதினேன். ஏரிக்கு முக்கால் மணி, பைன் காட்டுக்கு இருபது நிமிஷம். மூக்குச் சிந்தக்கூட நேரம் ஒதுக்கவில்லை. தேதியோடு அத்தையிடம் வாசித்துக் காட்டியபோது அவர் மாமாவைப் பார்த்தார். மாமா என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "சரின்னு சொல்லு" என்றார்.

கிளம்பும்போது அத்தை நாலடுக்கு கேரியரோடு வேனில் ஏறினார். என் ஏழு கடைகள்மேல் நம்பிக்கை இல்லை போலும் என்று எனக்குச் சுருக்கென்றது. மலைப்பாதை முழுக்க என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தபடியே வந்தார். அவரைப் பற்றி அவ்வளவு போதும்.

பட்டியலில் முதல் கடை ஆட்டுக்கால் பாயாவுக்குப் பேர் போனது. யாரையும் கேட்காமல் நான்கு பிளேட் பாயாவும் இடியாப்பமும் சொன்னேன். ஆவி பறக்க வந்ததும் மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அத்தை தண்ணீரை மட்டும் குடித்தார். என்னோடு ஒரே மேசையில் உட்காரக்கூடவா பிடிக்கவில்லை என்று எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இன்னைக்கு அமாவாசைடி."

செத்தேன். மாமா தன் அப்பாவுக்காக அமாவாசை விரதம் இருப்பவர். படையல் சோற்றைக் காக்கை எடுத்த பிறகுதான் சாப்பாடு. அத்தையின் கேரியரில் இருந்தது அதுதான். எங்கள் வீட்டில் அமாவாசை என்றால் நிலா வராத நாள், அவ்வளவுதான். ஆனால் தெரியாமல் செய்தேன் என்று யார் நம்புவார்கள்? வேதக்கார மருமகள் அமாவாசையும் அதுவுமாக மாமனாருக்கு ஆட்டுக்கால் வைத்தாள் என்று ஊரே பேசாதா?

பாயாவைத் தொடாமல் எழுந்தேன். நோட்டில் இருந்த பத்து இடங்களும் அன்று காக்கை தேடும் இடங்களாயின. ஏரியில் வாத்து இருந்தது. பைன் காட்டில் ஒரு குருவிகூட இல்லை. தூண் பாறையில் கண் தெரியாத மூடுபனி. கைப்பிடிச் சுவரில் சோறும் வடையும் வைத்துவிட்டு நான் பனியைப் பார்த்துத் தொண்டை கிழிய "கா... கா..." என்று கத்தினேன். எதிரொலி கேட்கும் இடம் போல என்று ஒரு வடநாட்டுக் குடும்பமே பக்கத்தில் வரிசையாக நின்று "கா... கா..." என்றது. ஒரு குரங்கு வந்து வடையை எடுத்துக்கொண்டு போனது.

"போதும்ப்பா, அதான் எடுத்திருச்சுல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

"எங்கப்பன் காக்காயாத்தான்டா வருவாரு. கொரங்காவா வருவாரு?" என்றார் மாமா.

மணி இரண்டாகிவிட்டது. மாமாவுக்குச் சர்க்கரை வேறு. வேன் படியில் ஏற முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு அவர் என்னோடு பேச வேண்டும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. மாதாவே, ஒரே ஒரு காக்காய் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

திருப்பத்தில் ஒரு கன்னியர் மடம். அதன் சமையல்கட்டுச் சுவரில் வரிசையாக ஏழெட்டுக் காக்கைகள்! வேன் நிற்பதற்குள் குதித்து ஓடினேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சிஸ்டரிடம், என் மாமனாருக்கு அமாவாசை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார், பின்னால் தள்ளாடி வந்த மாமாவைப் பார்த்தார். "அந்தச் செவுத்துல வைங்க. நான் கதவைச் சாத்திக்கிறேன். இல்லன்னா காக்காயெல்லாம் எங்கிட்டதான் வந்து நிக்கும்" என்றார்.

மாமா சோற்றை வைத்துக் கும்பிட்டார். அடுத்த நொடி ஒரு காக்கை வந்து அள்ளியது. நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

அத்தை படியில் இலையைப் போட்டுக்கொண்டே என் காதில் சொன்னார். "நீ தேதி சொன்ன அன்னைக்கே ஒங்க மாமாவுக்குத் தெரியும். அந்தப் புள்ள ஆசையா எழுதி வச்சிருக்கு, மாத்தச் சொல்லாதன்னு என் வாயை அடைச்சிட்டாரு."

நான் திரும்பிப் பார்த்தேன். மாமா கையில் எடுத்த கவளத்தோடு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில அந்தப் பாயாவத் திங்காமயே வந்துட்டியே ஆத்தா. ஒக்காரு, சாப்புடு."

எட்டு மாதத்தில் அதுதான் முதல் வார்த்தை. (என் வீட்டுக்காரர் வழக்கம்போல அதை என்னிடம் திருப்பிச் சொல்ல வாயெடுத்தார், அத்தை அவர் தொடையில் கிள்ளினார்.)

இப்போதெல்லாம் மாதம் தவறாமல் அமாவாசை காலையில் இலுப்பூரிலிருந்து போன் வரும். மகனுக்கு இல்லை, எனக்கு. "ஆத்தா, இன்னைக்கு அமாவாசை. பாயா வச்சிராத" என்பார். மத்தியானம் மறுபடி ஒரு போன். எங்கள் வீட்டு மாடியில் காக்கை வந்ததா என்று கேட்பார். வரவில்லை என்றால், "அது ஒங்க மடத்துல பூசை முடிஞ்சு வரணும்ல. வரும், இரு" என்று ஆறுதல் சொல்லுவார்.