எதிர் வீட்டுச் சுவர் காலி

அன்புள்ள தங்கைக்கு,

பின்னால் குழப்பம் வரக்கூடாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்த வீட்டில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான், உன் அத்தான், என் மாமியார், என் மகள் கேள்விப்பெட்டி. வந்தவர்கள் நான்கு பேர். வீடு காட்டும் ஏஜென்ட் இல்லை, தான் வரவேயில்லை என்று அவர் சத்தியம் செய்கிறார். இவர்களைத் தவிர முன் அறைச் சுவரில் மாட்டிய படத்தில் ஒரு குடும்பம் உண்டு, அவர்களும் நான்கு பேர். அவர்கள் அந்த நேரத்தில் இருந்தார்களா இல்லையா என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் பேச்சு ஓயவில்லை.

மற்றபடி கடவுள் புண்ணியத்தில் எல்லோருக்கும் உடம்பு சௌகரியம். நீ, உன் வீட்டுக்காரர், பெரியவன், சின்னவன் நால்வரும் அங்கே குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் இருக்கும் வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், எங்கள் வீட்டுக்கு எதிரே காலியாக இருக்கும் வீட்டுக்கு வரலாமா, நல்லது கெட்டதை மறைக்காமல் எழுது என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல வழியில்லை. இந்தக் கட்டடத்தில் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் சிக்னல் கிடைக்கும், அதற்கு நேர் கீழே ஏஜென்ட் ஆபீஸ். அதனால் கடிதம். படித்துவிட்டு வழக்கம்போல் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக்கொள்ளாதே, இதில் பாதி சிரிக்கிற விஷயம் இல்லை.

வரவுப் பக்கத்தை முதலில் சொல்கிறேன். தண்ணீர் நிற்பதே இல்லை. சுவரில் ஒரு கீறல் கிடையாது. கதவுகள் சத்தமில்லாமல் மூடிக்கொள்கின்றன, சத்தமில்லாமல் திறந்தும் கொள்கின்றன. எங்கள் மாடியில் எங்களைத் தவிர யாருமே இல்லை, சண்டை போட ஆள் இல்லை. இதை வரவில்தான் முதலில் எழுதியிருந்தேன், இப்போது அடித்துவிட்டுச் செலவில் எழுதியிருக்கிறேன்.

வாடகை பாதிதான் என்று உனக்குச் சொன்னேன், ஏன் பாதி என்று சொல்லவில்லை. இது வீடு பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக சோபா, திரைச்சீலை, பிளாஸ்டிக் ஆப்பிள் எல்லாம் வைத்து ஜோடித்த மாதிரி வீடு. வெறும் வீட்டைக் காட்டினால் யாருக்கும் மனசு ஒட்டவில்லையாம், உள்ளே ஒரு குடும்பம் புழங்கினால் பார்க்க நன்றாக இருக்கும் என்று எங்களுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு, வருகிறவர்களை உள்ளே விட வேண்டும், அவர்கள் இருக்கும்போது நாங்கள் பாட்டுக்கு எங்கள் வேலையைப் பார்க்க வேண்டும், பேச்சுக் கொடுக்கக் கூடாது, சுவரில் இருப்பதைக் கழற்றக் கூடாது. உன் அத்தான் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நான் படித்தேன். பொட்டலக் காகிதத்தில் எழுத்துக்கூட்டப் பழகியவளுக்குப் பொடி எழுத்து ஒரு கஷ்டமா? ஆனால் பாதி வாடகை என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது, அதற்கப்புறம் படித்தது மனசில் ஏறவில்லை.

வருகிறவர்கள் எங்களைப் பார்க்க மாட்டார்கள், வீட்டைப் பார்ப்பார்கள். ஏஜென்ட், "இது கிச்சன், இங்க ஒருத்தங்க நின்னு சமைச்சா இந்த மாதிரி இருக்கும்" என்று என்னைக் கையால் காட்டுவார். ஒரு அம்மாள் என் மூக்குக்கு முன்னால் நின்றுகொண்டு, "இவ்ளோ உயரம்தான்னா மேல் தட்டு எட்டாதே" என்றாள். எட்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது, பேசக் கூடாதே, அதனால் எட்டிக் காட்டினேன். "பரவால்ல, எட்டுது" என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இன்னொருவர் சோபாவைத் தட்டித் தட்டிப் பார்த்தார், உட்கார்ந்திருந்த உன் அத்தானையும் சேர்த்து. என் மாமியாருக்கு மட்டும் கொண்டாட்டம். "என்னை இத்தனை பேர் வந்து பாத்தது கிடையாது" என்று காலையிலேயே தலை வாரி, நல்ல புடவை கட்டி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறார்.

இது வரைக்கும் சிரிக்கலாம். போகப் போக யாரும் வராத நாளிலும் நாங்கள் பேசிக்கொள்வது குறைந்துவிட்டது. உன் அத்தான் பேப்பரை ஒரே பக்கத்தில் பிடித்தபடி இருக்கிறார். வாய் ஓயாத கேள்விப்பெட்டி கேள்வியே கேட்பதில்லை. ஏன்டி என்றால், "யாராச்சும் பாத்துட்டு இருப்பாங்கம்மா" என்கிறாள். யாருடி என்றால் படத்தைப் பார்க்கிறாள்.

அந்தப் படம் ஏஜென்ட் கடையில் வாங்கும்போதே சட்டத்தோடு வந்ததாம். அப்பா, அம்மா, இரண்டு பெண் குழந்தைகள், ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். அந்த அம்மாவுக்குப் பல்வரிசை என்று பெயர் வைத்திருந்தேன். யார் பெற்ற பிள்ளைகளோ, தினம் தூசி தட்டுகிறேன், வேண்டிக்கொள்ளாமல் விட மனசு வரவில்லை. உயிரோடிருந்தால் நீண்ட ஆயுசு, இல்லாவிட்டால் நற்கதி என்று இரண்டுக்கும் பொதுவாக ஒன்று சேர்த்துக்கொண்டேன். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில் எங்களுக்கான வேண்டுதலும் அவர்களுக்கானதும் கலந்துபோய், "இவங்க இந்த வீட்டுலயே நல்லபடியா வாழணும், ஒரு குறையும் வரக் கூடாது" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். சொன்ன வேண்டுதலைத் திரும்ப வாங்குவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மணி அடிக்கவில்லை, சாவி திரும்பிற்று. ஏஜென்ட்தான் யாரையோ கூட்டி வருகிறார் என்று நாங்கள் அவரவர் இடத்தில் இருந்தோம். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண் குழந்தைகள். குழந்தைகள் நேரே குளியலறைக்குப் போய்க் கதவுக்குப் பின்னாலிருக்கும் சுவிட்சைப் போட்டார்கள். அந்த சுவிட்சைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. அவர்கள் அம்மா, நான் டம்ளர் வைக்கும் அலமாரியைச் சரியாகத் திறந்து, தண்ணீர் பிடித்துக் குடித்து, கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அந்த மனுஷர் சோபா முன்னால் வந்து சும்மா நின்றார். உன் அத்தான், "உக்காருங்க" என்று எழுந்துவிட்டார். அவர் உட்கார்ந்து பேப்பரை எடுத்து அடுத்த பக்கத்தைத் திருப்பினார். எங்கோ பார்த்த முகம் என்று எனக்குத் தோன்றியது. தினம் துடைக்கிற முகம் என்று உறைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

இத்தனை மாதத்தில் வந்தவர்களில் அந்த அம்மா ஒருத்திதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"வீட்டை நல்லா வெச்சிருக்கீங்க. ரொம்ப நன்றிங்க" என்றாள்.

"எதுக்குங்க நன்றி?"

"தினமும் எங்களுக்காகச் சொல்றீங்களே. அதுக்குத்தான்." அப்புறம் ரொம்ப மரியாதையாக, "எப்ப கிளம்பறீங்க?" என்று கேட்டாள்.

பேசக் கூடாது என்ற நிபந்தனை அன்றைக்குத்தான் எனக்கு உதவிற்று. அவர்கள் போன பிறகு கீழே ஓடினேன். ஏஜென்ட் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழம ஆபீஸே திறக்கல மேடம், யாரைக் கூட்டிட்டு வர?" என்றார். மேலே வந்தால் என் மாமியார், "அவங்க இருந்தப்ப படத்தைப் பாத்தேன், பெஞ்சு மட்டும்தான் இருந்துச்சு" என்கிறார். "உங்களுக்குக் கண்ணுல புரைம்மா" என்கிறார் உன் அத்தான். "புரைதான்டா, குருடு இல்ல. அவ டம்ளரைக் கழுவிக் கவுத்து வெச்சதும் தெரிஞ்சுது. உன் பொண்டாட்டி ஒரு நாள் கவுத்து வெச்சிருக்காளா?" என்று என் பக்கம் திரும்பிவிட்டார். இப்போது படத்தில் நால்வரும் இருக்கிறார்கள். ஆனால் பல்வரிசை முன்பெல்லாம் நேராகப் பார்த்துச் சிரிப்பாள். இப்போது சமையலறைப் பக்கம் பார்க்கிறாள்.

இரண்டு பக்கத்தையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். எனக்கு யாராவது ஒருத்தி கதவைத் தட்டி, "என்னக்கா பண்றே?" என்று கேட்டால் போதும், மீதியைச் சமாளித்துக்கொள்வேன். எதிர் வீடும் அதே பாதி வாடகைதான். வெயில் நன்றாக விழும். முக்கியமாக அங்கே சுவர் காலி, ஒரு படமும் இல்லை, ஆகவே ஒரு பயமும் இல்லை. யோசிக்காமல் வந்துவிடு.

உன் வீட்டுக்காரருக்கு எங்கள் எல்லோருடைய விசாரிப்பும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், கேள்விப்பெட்டியின் முத்தம். கடவுள் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: தபால்தலை வாங்க இரண்டு நாளாகிவிட்டது. அதற்குள் ஏஜென்ட் வந்து எதிர் வீட்டையும் ஜோடிக்கிறோம், சுவருக்கு ஒரு குடும்பப் படம் வாங்கணும் என்றார். தெரியாதவர்கள் படத்தால்தானே இத்தனை வம்பு, நம் ஆட்களாக இருந்தால் பயமில்லை என்று நீங்கள் நால்வரும் ஸ்டுடியோவில் எடுத்து அனுப்பினீர்களே, அதைக் கொடுத்தேன். சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள், ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது. பார்த்ததும் கை தானாகக் குவிந்து, பழக்கத்தில் அதே வேண்டுதலைச் சொல்லிவிட்டேன். நேற்று சாயங்காலம் எதிர் வீட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது, சிரித்துச் சிரித்துக் கடைசியில் விக்கல். சொல்லாமல் வந்துவிட்டாயா என்று ஓடிப்போய்த் தட்டினேன். வெளியே பூட்டு தொங்குகிறது. நீங்கள் நாலு பேரும் அங்கேதானே இருக்கிறீர்கள்? ஒரு வரியானாலும் போதும், சீக்கிரம் பதில் போடு.