மாமனாருக்கு ஒரு பெஞ்சு

"இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்" என்று யாராவது சொன்னால் நான் இப்போதெல்லாம் அந்த இடத்தில் நிற்பதில்லை. அப்படிச் சொல்கிறவர் ஏற்கெனவே அதை நாற்பது தடவை செய்தவராக இருப்பார். அவர் வீட்டில் அதற்கென்று தனியாக ஒரு அறை இருக்கும். அந்த அறைக்குள் ஐப்பசி, கார்த்திகை எல்லாம் வராது. இதையெல்லாம் அவர் சொல்ல மாட்டார். நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் மாமனார் முன்னிலையில்.

எனக்கு அந்தத் துரோகத்தைச் செய்தவர் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர். நேரில் பார்த்ததில்லை, வீடியோவில்தான். வாரக் கடைசியில் நீங்களே ஒரு பெஞ்சு செய்யலாம் என்பது விஷயம். மொத்தம் பதினோரு நிமிடம். அதற்குள் பலகையை அறுத்து, இழைத்து, ஒட்டி, வார்னிஷ் அடித்து, அதன் மேல் உட்கார்ந்து ஒரு காபியும் குடித்துவிட்டார். எனக்கு அந்தக் காபி போடவே அவ்வளவு நேரம் ஆகும். அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். தாம்பரம் பக்கத்தில், அஸ்தினாபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். நான் ஒரு கம்பெனியில் சாப்ட்வேர் டெஸ்டர் (அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. சொந்தத் தப்பு என்றால் அந்தக் கண் திறக்காது). ஸ்டெல்லாவும் நானும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் வாராவாரம் சர்ச்சுக்குப் போகிறவள். நான் கோயிலுக்குக்கூட ஒழுங்காகப் போகாதவன். இதில் எது அவளுடைய அப்பாவுக்கு அதிக வருத்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவர் பெயர் சாமுவேல். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்று, பெருங்களத்தூரில் சொந்த வீட்டில் இருக்கிறார். எங்கள் கல்யாணத்துக்கு வந்தார். டிக்கெட் இல்லாமல் ஏறியவனைப் பார்ப்பதுபோல் என்னை ஒரு பார்வை பார்த்தார். போய்விட்டார். அதன் பிறகு இரண்டு வருடம் என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. எப்போதாவது நேரில் சந்தித்தாலும் ஸ்டெல்லாவைப் பார்த்து, "அவரைச் சாப்பிடச் சொல்லு" என்பார். அந்த 'அவர்' ஆகிய நான் ஓரடி தள்ளி நின்றுகொண்டிருப்பேன்.

அப்படிப்பட்டவர் எங்கள் வீட்டுக்கு முதல் முறையாக வருவதாகச் சொன்னார். அத்தை, அதாவது ஸ்டெல்லாவின் அம்மா, அதற்காக எத்தனை நாள் போராடினாரோ தெரியாது. புதன்கிழமை ஸ்டெல்லா போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் அப்பாவும் அம்மாவும் வராங்களாம். பத்து நிமிஷம்தான் இருப்பாராம். ஆட்டோவைக் கீழேயே நிக்க வைக்கப் போறாராம்."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஏதோ ஆனது. எங்கள் ஹாலைப் பார்த்தேன். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. இரண்டு வருடம் வீம்பாக இருந்த மனிதரை அதில் உட்கார வைப்பதா?

"ஒரு சின்ன சோபா வாங்கிடலாம்" என்றாள் ஸ்டெல்லா.

"வாங்கறது யார் வேணாலும் வாங்கலாம்" என்றேன். "நானே ஒரு பெஞ்சு பண்றேன்."

அவள் என்னையே பார்த்தாள். அதுவரை என் கையால் இந்த வீட்டில் நடந்த ஒரே மர வேலை, காலண்டர் மாட்ட ஆணி அடித்தது. அந்த ஆணி இப்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. இருந்தாலும் அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது என் இன்றைய கருத்து.

வெள்ளிக்கிழமை பம்மலுக்குப் போனேன். பேக்கிங் பெட்டிகளை உடைத்துப் பலகையாக விற்கும் பட்டறை ஒன்று அங்கே இருக்கிறது. அதை வைத்திருப்பவர் கன்னியப்பன், அவரே தச்சரும்கூட. நல்ல மழை. நான் எடுத்துவைத்த பலகையை அவர் விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஈரம் கீது சார். ஒரு பத்து நாள் வுடு. காஞ்சப்புறம் வேலை வெச்சிக்கோ."

"ஞாயித்துக்கிழமைக்கு வேணும்ண்ணா."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"நாளான்னிக்கு."

"இதுக்கு முன்னாடி இன்னா பண்ணிகீற?"

"வீடியோ பார்த்திருக்கேன்."

 அவர் பலகையைக் கட்டிக்கொடுத்துவிட்டு, ஏதாவது என்றால் கூப்பிடச் சொல்லி நம்பரை மட்டும் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் நம்மிடம் பேசுவார்களே, அந்தக் குரலில்.

சனிக்கிழமை முழுக்க ஹாலில் ரம்பமும் நானும். வெள்ளைக்காரர் நேராக அறுத்தார். நான் அறுத்தது வேளச்சேரிக்குப் போகும் பாதைபோல் வளைந்து வளைந்து வந்தது. உட்காரும் பகுதிக்கு இரண்டு பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நடுவில் என் சுண்டுவிரல் போகும் அளவுக்கு இடைவெளி. அதற்கும் வீடியோவில் வழி இருந்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து இடுக்கில் அடைக்க வேண்டுமாம். அவர் காட்டிய இடுக்கு தலைமுடி அளவு. என்னுடையதற்கு ஒரு டப்பா பசை முழுவதும் போனது.

பிறகு வார்னிஷ். மெல்லிசாக ஒரே ஒரு பூச்சு, இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்றார் தாடிக்காரர். முதல் தடவை வருகிற மாமனாருக்கு ஒரே ஒரு பூச்சா? நான்கு பூச்சு அடித்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகக் கொடியில் கிடந்த என் பனியனே காயவில்லை. அதைப் பார்த்தாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பெஞ்சை மின்விசிறிக்குக் கீழே இழுத்துவைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டவில்லை. பளபளவென்று இருந்தது, முகம் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்ச நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"எதுக்கும் மேல ஒரு போர்வை விரிச்சிடலாம்" என்றாள் ஸ்டெல்லா.

"விரிச்சா வேலைப்பாடு எப்படித் தெரியும்?"

(இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவள் இன்றுவரை மறக்கவில்லை. வேறு எத்தனையோ நல்ல விஷயங்கள் பேசியிருக்கிறேன்.)

பதினொன்றரைக்கு வந்தார்கள். மாமா சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்டில் இருந்தார். கீழே ஆட்டோ சத்தம் நிற்கவில்லை. நான் "வாங்க மாமா" என்றேன். அவர் ஸ்டெல்லாவிடம் "நல்லாருக்கியாம்மா" என்றார். பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சின் நட்டநடுவில், சரியாக அந்த இடுக்கின் மேல், உட்கார்ந்தார்.

"பெஞ்சு எங்க வாங்கினீங்க?" என்று மகளிடம் கேட்டார்.

"அவரே செஞ்சதுப்பா."

மாமாவின் புருவம் லேசாக மேலே போனது. அந்தப் புருவத்துக்காகத்தான் நான் இரண்டு நாள் உழைத்தேன். காபி குடித்தார். அத்தை வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பத்து நிமிஷம் என்றவர் இருபது நிமிஷம் உட்கார்ந்துவிட்டார். பிறகு டம்ளரைக் கீழே வைத்து, "சரி, கெளம்பலாம்" என்று எழுந்தார்.

பெஞ்சும் எழுந்தது.

முன் பக்கக் கால்கள் ஒரு சாண் உயரம் வந்திருக்கும். அப்படியே ஒரு கணம் நின்றார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். மறுபடி எழுந்து பார்த்தார். மறுபடி பெஞ்சும் வந்தது. மேலே காய்ந்து தோல் கட்டியிருந்த வார்னிஷ் அவர் எடைக்கு உடைந்து, அடியில் பச்சையாக இருந்த பசை வெளியே வந்திருக்கிறது. கதகதப்பில் அது இறுகியும் விட்டது. இது எனக்குப் பின்னால் புரிந்தது. அப்போது எனக்கு எதுவும் புரியவில்லை. காது மட்டும் சூடாக இருந்தது.

 சாமுவேல் மாமா தலையைத் திருப்பி, நேராக என்னைப் பார்த்தார். இரண்டு வருடத்தில் முதல் முறையாக என்னிடம் பேசினார்.

"என்ன பசை போட்டீங்க?"

சொன்னேன்.

"எவ்வளவு?"

"ஒரு டப்பா, மாமா."

"முழு டப்பாவா?"

"முழு டப்பா."

அத்தை தோசைத் திருப்பியை எடுத்துவந்து அடியில் விட்டுப் பார்த்தார். வெந்நீர் ஊற்றினோம், மாமா துள்ளினார், பெஞ்சும் துள்ளியது. தேங்காய் எண்ணெய் விட்டதில் வெள்ளைப் பேண்ட் மஞ்சளானதுதான் மிச்சம்.

"அப்பா, பேண்டைக் கழட்டிட்டு எழுந்துடுங்க. அவரோட லுங்கி தரேன்" என்றாள் ஸ்டெல்லா.

"கர்த்தருடைய நாள்ல, மாப்பிள்ளை வீட்டு ஹால்ல, நான் பேண்டைக் கழட்டணுமா?" என்றார் மாமா.  அவர் என்னை மாப்பிள்ளை என்று சொன்னதை நான் கவனித்தேன். சந்தோஷப்படுகிற நேரமா அது.

ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அத்தை இறங்கிப் போய் அவரை அனுப்பிவிட்டு வந்தார். மணி ஒன்று. அத்தை எங்களுக்காகத் தூக்கில் கொண்டுவந்திருந்த மட்டன் குழம்பைச் சூடு செய்து, மாமாவுக்கு மடியில் தட்டை வைத்துப் பரிமாறினார். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தண்டனைக் கைதிபோல் சாப்பிட்டேன்.

பாதிச் சாப்பாட்டில் மாமா, "அந்த வீடியோவைக் காட்டுங்க" என்றார்.

காட்டினேன். பதினோரு நிமிடமும் அசையாமல் பார்த்தார் (அசைய வழியும் இல்லை). முடிந்ததும் அவர் முகம் சிவந்திருந்தது.

"இவன் எந்த ஊர்?"

"தெரியலை மாமா. குளிர்ப் பிரதேசம் மாதிரி இருக்கு."

"அதை முதல்ல சொன்னானா? எங்க ஊர் காத்துல ஈரமே கிடையாதுன்னு சொன்னானா? ஒரு வார்த்தை சொல்லலையே. உலகமே பார்க்குது. தாம்பரத்துல இருக்கறவன் பார்ப்பான், மழைக்காலத்துல பார்ப்பான்னு ஒரு யோசனை வேண்டாமா?"

"அதைத்தான் மாமா நானும் நேத்திலிருந்து நினைக்கறேன்" என்றேன். நேற்று நான் அப்படி எதுவும் நினைக்கவில்லை.

"விடக்கூடாது. எழுதுங்க" என்றார்.

மாமா சொல்லச் சொல்ல, வீடியோவுக்குக் கீழே நான் தட்டினேன். ரயில்வே ஆங்கிலம். ஐயா, தங்கள் மேற்கண்ட வீடியோ சம்பந்தமாக என்று ஆரம்பித்து, காய்வதற்கான நேரம் குறித்துத் தாங்கள் அளித்த தவறான தகவலால் ஒரு மூத்த குடிமகன் தற்சமயம் பெஞ்சிலிருந்து எழ முடியாத நிலையில் உள்ளார், தக்க விளக்கம் கோரப்படுகிறது என்று முடித்தார். இரண்டு இடத்தில் நான் சேர்த்த கோபமான வார்த்தைகளை எடுக்கச் சொன்னார். "கோபம் தெரியக்கூடாது. நியாயம்தான் தெரியணும்" என்றார். அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் தாடிக்காரர் பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் போட்டார்.

"இது என்ன?"

"நமக்கு அன்பு தெரிவிச்சிருக்கார் மாமா."

"அயோக்கியப் பய" என்றார் மாமா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்த உலகத்தில் அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் அநியாயம் நடந்திருந்தது.

இரண்டரை மணிக்கு வேறு வழியில்லாமல் கன்னியப்பனை வீடியோவில் கூப்பிட்டேன். போனை மாமாவின் பின்பக்கம் கொண்டுபோய்க் காட்டினேன். மறுமுனையில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"பேண்டுதானே சார் ஒட்டிகினு கீது? பெரியவர் ஒட்டலையே?"

"இல்லண்ணா."

"அப்ப பெரியவரை மட்டும் எடுத்துக்கோ. பேண்டு போவட்டும். இதுல இன்னா பேஜாரு?"

மாமா ஒரு நிமிடம் யோசித்தார். "தொழில் தெரிஞ்சவர் சொல்றார்" என்றார். "லுங்கி இருக்கா?"

இதையேதான் நான் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் சொன்னேன் என்று ஸ்டெல்லா சமையலறையிலிருந்து சொன்னது எங்கள் யார் காதிலும் விழவில்லை. நானும் அத்தையும் ஒரு போர்வையைச் சுற்றிப் பிடித்தோம். உள்ளே சிறிது போராட்டம் நடந்தது. பிறகு என் கட்டம் போட்ட நீல லுங்கியில் சாமுவேல் மாமா வெளியே வந்தார். பெஞ்சின் மேல் அவருடைய வெள்ளைப் பேண்ட் மட்டும், இரண்டு காலையும் தொங்கவிட்டு, மரியாதையாக உட்கார்ந்திருந்தது.

அதற்கு மேல் எங்கே கிளம்புவது? மாமா எங்கள் கட்டிலில் இரண்டு மணி நேரம் குறட்டை விட்டார். எழுந்து டீ கேட்டார். வீட்டுக்காரர், தண்ணீர், என் ஆபீஸ் எல்லாம் விசாரித்தார். இருட்டும் நேரத்தில் என் லுங்கியோடேயே ஆட்டோ ஏறினார். ஏறும்போது, "அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க வாங்க மாப்பிள்ளை" என்றார். ஸ்டெல்லா மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் சும்மா பக்கத்தில் நின்றேன்.

இது நடந்து சில வருடம் ஆகிவிட்டது. சர்ச்சில் புதிதாக யாரைப் பார்த்தாலும் மாமா என் தோளில் கை போட்டு, "இவர்தான் என்னை உட்கார வச்ச மாப்பிள்ளை" என்கிறார். போன மாதம் ஸ்டெல்லாவின் தம்பிக்கு நடந்த நிச்சயதார்த்தத்தில் மைக்கிலேயே சொன்னார். பெண் வீட்டார் கதை கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கதையில் பசை வருகிறது, போர்வை வருகிறது, தோசைத் திருப்பிகூட வருகிறது. பிரிந்திருந்த குடும்பத்தைச் சேர்த்துவைத்தது ஒரு டப்பா பசை என்று மாமா முடிப்பார். எல்லாரும் கை தட்டுவார்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்த மனிதர் தொண்ணூறு கிலோ. மூன்று மணி நேரம் உட்கார்ந்தார், எழுந்தார், துள்ளினார், மட்டன் சாப்பிட்டார். என் பெஞ்சின் ஒரு கால்கூட ஆடவில்லை. அதை இதுவரை ஒருத்தர் சொன்னாரா?