பதினஞ்சு வயசில் பெரிய மனுஷன் வியாதி

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்த பிறகு மரம் ஏறுவதையே மறந்துபோன கரடிக் குடும்பம் ஒன்று இருந்தது. போனைத் தட்டினால் தேன் வாசலில் வந்து இறங்கும். அப்புறம் எதற்கு ஏற வேண்டும்? அந்த வீட்டுச் செல்லப்பிள்ளை பூவரசு. வயது பதினைந்துதான், ஆனால் அப்பாவின் சட்டை அவனுக்கு இறுக்கம். அவனுக்கு ஒரே ஆசை, பள்ளிக்கூடக் கபடி அணியில் ஆட வேண்டும்.

அணியில் சேர்க்கும் முன் டாக்டர் மரங்கொத்தி அவன் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தது. எகிறியது. மறுபடி பார்த்தது. மறுபடியும் எகிறியது.

"தம்பிக்கு எடை ஜாஸ்தி. அதான் இந்த வயசுலேயே பிரஷர் ஏறியிருக்கு. உப்புத் தீனியைக் குறைங்க, நல்லா ஓடி விளையாடட்டும். எடை இறங்கினா இதுவும் இறங்கும். கபடி ரொம்ப நல்லது."

பூவரசுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அம்மா செண்பகத்துக்கோ சுர்ரென்று கோபம் வந்தது.

"எம்புள்ள எங்க குண்டு? பூசினாப்புல இருக்கான். கண்ணு வைக்காதீங்க டாக்டர்!"

அப்பா அங்கமுத்துவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "எனக்கே நாப்பதுலதான் வந்துச்சு. இவன் பதினஞ்சுலயே வாங்கிட்டான்!" என்று காடெல்லாம் சொல்லிவிட்டார்.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போக முடியுமா? மான் அல்வாவோடு வந்தது. குரங்கு நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவந்தது. வந்தவர்களெல்லாம் "ஐயோ, இப்படி இளைச்சுட்டானே!" என்று கண்ணைக் கசக்கினார்கள். பூவரசு கூச்சத்தோடுதான் தின்ன ஆரம்பித்தான். இரண்டாவது கை சிப்ஸில் கூச்சம் போய்விட்டது.

"அம்மா, நான் கபடிக்குப் போறேன்மா. டாக்டரே சொன்னாரே!"

"பிரஷர் இருக்கிறவன் ஓடுவானாடா? பேசாம உக்காரு."

"அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா."

"பெரிய மனுஷன் வியாதி வந்திருக்கு. பெரிய மனுஷனா நடந்துக்க."

பூவரசு நிஜமாகவே அழுதான். பாவம், பிள்ளைக்கு வியர்க்கிறது என்று நினைத்து விசிறிவிட்டார்கள்.

போட்டி நாள் வந்தது. பிரஷர் உள்ளவர்களுக்கு மேடையில் நாற்காலி போடுவது அந்தக் காட்டு வழக்கம். அப்பாவுக்குப் பக்கத்தில் பூவரசுக்கும் ஒன்று போட்டார்கள். கீழே அவன் வகுப்பு முயல் மூச்சுப் பிடித்துப் பாடிப்போக, இவன் கால்கள் நாற்காலியடியில் துள்ளின. அதைப் பார்த்த சிங்கராஜா, "விளையாட்டு மேல என்ன ஆர்வம்!" என்று மெச்சி, அங்கேயே அவனைக் கபடிச் சங்கத் தலைவராக அறிவித்தது. சால்வை போர்த்தி, கையில் ஒரு தட்டு போண்டாவும் கொடுத்தார்கள்.

நீதி: ஓடினால் பிரஷர் இறங்கும், உட்கார்ந்தால் பதவி ஏறும். பெற்றோர்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தை யோசித்து முடிவெடுக்கவும்.