ஒரு ஆள் தாங்கும் தளம்

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாயிற்று. எனக்கென்று மிச்சம் இருப்பது மாடி அறை ஒன்றுதான். மரத்தளம், ஒரு கட்டில், ஒரு ஜன்னல். கதவைச் சாத்தினால் கீழே கூப்பிடுவது காதில் விழாது. மனுஷன் பைத்தியம் பிடிக்காமல் இருக்க அது போதும்.

அதற்குத்தான் உலை வைத்தாள் என் மனைவி.

"அண்ணனுக்கு இந்த ஊருக்கே மாற்றல் வந்திருக்கு. குடும்பத்தோட வர்றாங்க. மாடியைக் குடுத்துடலாங்க."

"தாராளமா," என்றேன். வாய் அப்படிப் பழகிவிட்டது. "ஆனா தளம் தாங்குமா?"

"உங்களைத் தாங்குதே."

"நான் ஒரு ஆள். உங்க அண்ணன், அண்ணி, ரெண்டு பசங்க, பீரோ, கட்டில்னு ஏத்தினா என்ன ஆகும்? எதுக்கும் தச்சரை ஒரு வார்த்தை கேட்டுடுவோம்."

தச்சர் என் சீட்டாட்டக் கூட்டாளி. தெருமுனையிலேயே மடக்கிப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். "ஒரு ஆளுக்கு மேல தாங்காதுன்னு சொல்லணும். அந்த ஒரு ஆளை விட்டுடாதீங்க. அப்புறம் நானே இறங்க வேண்டியதாயிடும்."

மனுஷன் வெளுத்து வாங்கினார். ஹாலில் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு உத்தரமாகத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். உச்சுக்கொட்டினார்.

"உத்தரம் மெலிசும்மா. அதையும் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கான். நடுவுல பாரம் ஏறினா பலகை தொய்யும். ஒரு ஆள் நிம்மதியா இருக்கலாம். குடும்பமே ஏறிச்சுன்னா எல்லாரும் ஹாலுக்கு வந்துடுவாங்க, படி வழியா இல்ல."

என் மனைவி யோசித்தாள்.

"ஒரு ஆள் தாங்கும்ல?"

"கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்."

"எங்க அண்ணன் கொஞ்சம் கனம்."

தச்சர் என்னைப் பார்த்தார். நான் 'கூடாது, கூடாது' என்று கண்ணால் ஜாடை காட்டினேன். சீட்டாட்டத்தில் என் ஜாடை என்றைக்கு அவருக்குப் புரிந்தது, இன்றைக்குப் புரிய?

"ஆள்னா ஆள்தாம்மா," என்றார்.

"அப்போ அண்ணன் மட்டும் மேல இருக்கட்டும். அண்ணியும் பசங்களும் இப்ப இருக்கிற ஊர்லயே இருந்துக்கட்டும். நீங்க ஹால்ல படுத்துக்கோங்க."

தச்சர் தலை மறைந்ததும் பதறினேன். "அந்த ஆளுக்கு என்ன தெரியும்? தளம் கல்லு மாதிரி இருக்கும்மா."

"அப்படியா? அப்போ அண்ணியையும் வரச் சொல்லிடறேன்." போனை எடுத்தாள்.

நாலு பேர் வந்தால் ஹாலும் போய்விடும்.

"வேண்டாம். மெலிசுதான்."

போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணியோட ஒரே வீட்டுல எனக்கு ஒரு வாரம் ஓடாதுங்க. வராதீங்கன்னு எந்த வாயால சொல்றதுன்னு தவிச்சிட்டிருந்தேன். நல்லவேளை, நீங்களே வழி பண்ணிட்டீங்க."

இப்போது சோபாவில் மடங்கிக் கிடக்கிறேன். தலைக்கு நேர் மேலே மச்சான் உலாத்துகிறார். அடிக்கு அடி கண்ணில் தூசு விழுகிறது. ஒரு பலகையாவது முறியாதா என்று ஏங்குகிறேன். முனகக்கூட இல்லை, பாவி மரம். எனக்கு அழுகைதான் வருகிறது.

நேற்று போன் வந்தது. மனைவி என்னிடம் நீட்டினாள்.

"அண்ணி பேசறாங்க. லீவுக்குப் பசங்களைக் கூட்டிட்டு வரலாமான்னு கேக்கறாங்க. தளத்தைப் பத்தி உங்களுக்குத்தானே தெரியும், நீங்களே சொல்லுங்க."

வாங்கிக்கொண்டேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"உத்தரம் ரொம்ப மெலிசுக்கா," என்றேன்.