நாலாவது படியில் ஒரு கோல்

“இந்த மாசத்துக்குள்ள நம்ம கட்டடத்துக்கு நெட் வரலேன்னா, என் மீசையை எடுத்துடுறேன்!”

பம்ப் மெக்கானிக் இப்படிச் சபதம் போட்டபோது, அவர் மனைவி தையல் மெஷினை நிறுத்தக்கூட இல்லை.

“நெட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். சும்மா கிடங்க.”

வேணாம் என்றாளா? போதும். அவள் ஒன்றை வேண்டாம் என்றால் அதைச் செய்து முடிக்கும்வரை மனுஷருக்குச் சாப்பாடு இறங்காது.

பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கும் அந்தப் பழைய கட்டடத்தில் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் மாடிப்படியின் நாலாவது படி. அங்கேயும் போனைத் தலைக்கு மேலே தூக்கி, ஜன்னல் கம்பியில் ஒட்டிப் பிடிக்க வேண்டும். அவர் உயிரை வைத்திருந்த கால்பந்துப் போட்டியோ டிவியில் வராது, நெட்டில்தான் வரும். அரையிறுதி அன்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டக்காரன் காலை ஓங்கினான். படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி ஓடும்போது எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷமாக ஒரு கோலைக்கூட அவர் முழுசாகப் பார்த்ததில்லை. இறுதிப் போட்டியிலாவது ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டால்தான் கேபிள் இழுப்போம் என்றது கம்பெனி. மெக்கானிக் விண்ணப்பத்தோடு வீடு வீடாக ஏறினார்.

“நெட்டா? எதுக்குண்ணே?” என்றார் வெல்டர்.

“ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ஃபைனல்! வீட்லயே காலை நீட்டிக்கிட்டுப் பாக்கலாம்யா!”

வெல்டர் பேனாவைப் பிடுங்காத குறை. சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே போடாமலே கையெழுத்துப் போட்டார். இரண்டே நாளில் பதினொன்று சேர்ந்துவிட்டது. பன்னிரண்டாவதாகத் தன் பெயரையும் போட்டுவிட்டு மனைவியிடம் நீட்டினார்.

“பாத்தியா? யாரு நான்!”

“சரி, ஆனது ஆச்சு. பாஸ்வேர்டை மட்டும் நான் வெச்சுக்கறேன். நீங்க மறந்துடுவீங்க.”

“வெச்சுக்கோ! தாராளமா வெச்சுக்கோ!” வெற்றி மிதப்பில் அவர் வீட்டையே எழுதித் தரச் சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பார்.

கேபிள் வந்தது. மோடத்தில் பச்சை விளக்கு மினுக்கியது. மெக்கானிக் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாததுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை, நாலு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம். குளித்து, புதுச்சட்டை மாட்டி, போனும் கையுமாக உட்கார்ந்தார்.

“பாஸ்வேர்டு சொல்லு, சொல்லு, சீக்கிரம்!”

“அஞ்சரைக்கு மேல சொல்றேன். நாலு மணிக்கு எனக்குத் தேர்வு.”

“என்ன தேர்வு?”

“ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சி. வீட்லேருந்தே படிக்கலாம். கட்டடத்துல பன்னெண்டு பொம்பளைங்களும் சேந்திருக்கோம். நடுவுல வேற யாராவது நெட்டைத் தொட்டா படம் நின்னுடும்.” அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. “பாஸானா வேலைங்க! வெள்ளைக் கோட்டு!”

“நீதானே நெட்டு வேணாம்னே?”

“மூணு மாசம் முன்னாடி வேணும்னுதான் கேட்டேன். உனக்கெதுக்கு நெட்டுன்னு யாரு கேட்டது? மத்த பதினோரு பேரு வீட்லயும் அதே பதில்தான். எந்த ஆம்பளையும் கையெழுத்துப் போடல. வேணாம்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், ரெண்டே நாள்ல பன்னெண்டும் விழுந்துடுச்சு. நீங்க நல்லா இருக்கணும்ங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க.”

வெளியே வந்தார். படிக்கட்டு முழுக்க ஆண்கள். எல்லா வீட்டிலும் பாஸ்வேர்டு பெண்கள் கையில்தான். வெல்டர், சலூன்காரர் என்று பதினோரு பேரும் மேல் படிகளில் வரிசையாக உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது படி மட்டும் காலியாக இருந்தது.

“வாங்கண்ணே. காலை நீட்டிக்கிட்டுப் பாக்கலாம்னீங்களே, நாங்க நீட்டிட்டோம். நீங்க போனைத் தூக்கிப் பிடிங்க” என்றார் வெல்டர். “இன்னும் மேல. திரையை எங்க பக்கம் திருப்புங்க. ஆங், அப்படியே!”

கை மரத்துப்போயிற்று. ஒரு மணி நேரம் தாண்டியது. வீடுகளுக்குள்ளேயிருந்து “எல்லாரும் பாஸ்!” என்று பன்னிரண்டு பெண்களும் கூவுவது கேட்டது. அதே நேரம் படிக்கட்டே அதிர்ந்தது.

“கோஓஓல்!”

பதினோரு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். போனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் கேட்டார்:

“யாருப்பா போட்டது?”