பருத்திப்பட்டில் ஒரு காலி நிலம்

வரைபடம் பார்க்கத் தெரிந்தவன் என்பது என்னைப் பற்றி நானே பரப்பிய வதந்தி. அதை முழுமனதாக நம்பியவர், சென்னீர்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் ஜமீலாக்கா.

பெங்களூருக்கு அதிவேக ரயில் விடப்போகிறோம் என்று அளக்க வந்தவர்கள், அவர் சமையலறைச் சுவரில் மஞ்சள் பெயின்ட்டால் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"அடுப்பு மேலயே ரயிலு வுடறாங்களாம் சார். நாலு பொஸ்தகம் படிச்சவரு, ஏதாச்சும் பண்ணுங்க" என்றார்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு மாற்றுப் பாதை ஒன்று தயாரித்தேன். செல்போன் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, மகளின் அடிஸ்கேலை வைத்து, சற்று வடக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. (இரண்டு மாநிலங்களை இணைக்க ஓர் அடிஸ்கேல் போதும் என்று நினைத்தவன் நான்.)

பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். மாப்பிள்ளை மைக்கில் பேசுவதைப் பார்க்க, என் மாமனார் சலவைச் சட்டையோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, இந்த வழியில் ஒரு வீடுகூட இடியாது. பருத்திப்பட்டில் இது வெறும் காலி நிலம்" என்று தாளை விரித்தேன். கைதட்டல். அதிகாரி பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார்.

மாமனார் எழுந்து வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஏரியிலிருந்து தெருத் தெருவாக விரலை நகர்த்தினார். விரல் சிவப்புக் கோட்டில் நின்றது.

"மாப்ள, இங்கதான் என் ஊடு கீது."

"படத்துல காலியா இருக்கே மாமா..." (மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.)

"படம் பழசா இருக்கும். போன தையில கிரகப்பிரவேசத்துக்கு வந்து மூணு தபா பாயசம் வாங்கிக் குடிச்சீங்களே, அது காலி நிலத்துலயா?"

மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோட்டை அழித்தால் ஜமீலாக்காவின் அடுப்பு போகும். விட்டால் மாமனாரின் வீடு. இரண்டு வீட்டிலும் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

ஜமீலாக்கா மேடையேறி மைக்கை வாங்கினார். "இந்தக் கோட்டை எழுதாதீங்க சார். இன்னொருத்தர் ஊட்ட இடிச்சிட்டு எனக்கு ஊடு வேணாம். ஹைவே நடுவுல தூண் நட்டு மேலால வுடுங்க."

அதிகாரி நான் சொன்னதை அடித்துவிட்டு, அவர் சொன்னதை எழுதினார்.

பிறகு ஜமீலாக்காவும் மாமனாரும் சேர்ந்து ஒரு மனு கொடுத்தார்கள். எழுதித்தர நான் முன்வந்தேன். இருவரும் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். பதில் இன்னும் வரவில்லை. தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் ஜமீலாக்கா.

பண்டிகைக்குப் பருத்திப்பட்டு போனால், மாமனார் இலையைப் போட்டுவிட்டு, முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் சொல்கிறார்:

"தைரியமா உக்காருங்க மாப்ள. காலி நிலந்தானே."